இளைஞர் பகுதிக்குத் திட்டம் போடுமுன்: பினாங்கில் நமக்கு முன்னால் போட்டவர்கள்

இது நீண்ட பதிவு. வேலை முடிந்து வந்து, தே தாரிக் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக நம் ஆலய நிர்வாகத்தில் இருப்பவர்களும், இளைஞர் பகுதிப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் படிக்க வேண்டும்.

போன மாதம் இளைஞர் பகுதியின் அடுத்த வருட நடவடிக்கைகளைத் திட்டமிடக் கூட்டம் போட்டோம். வாட்ஸ்அப்பில் நாற்பது பேருக்குச் செய்தி போனது. வந்தது ஏழு பேர். நாங்கள் பெரியவர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பட்டியலையும் நாங்களே தயார் செய்து அச்சடித்து வைத்திருந்தோம்: தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், அன்னதானத்துக்குப் பரிமாறுவது, திருவிழா நாளில் கார் நிறுத்த வழிகாட்டுவது, கோத்தோங் ரோயோங், நவராத்திரிக்கு நாற்காலி போடுவது. வாசித்து முடித்ததும் தாதிமை படிக்கும் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கி, “அங்கிள், இதுல நாங்க முடிவு பண்றது எது?” என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்று அதற்கு முன்பே எங்களுக்கு வந்திருந்தது. ஐந்து வருடம் நம்மோடு தேர் வேலை செய்த ஒரு பையன் கும்பல் சண்டை ஒன்றில் மாட்டி லாக்கப்புக்குப் போனான். நாங்கள் இரண்டு பேர் அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய அம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்: “தைப்பூசம்னா ஃபோன் மேல ஃபோன் போட்டு அவன கூப்ட்டீங்க. மத்த பதினோரு மாசம் அவன யாரு கூப்ட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணே?” தெரியாது. உண்மையிலேயே தெரியாது.

இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்துதான் எங்களைப் பழைய விஷயங்களைத் தேட வைத்தன. நாங்கள் படித்தவர்கள் இல்லை. எஸ்பிஎம் முடித்து நேரே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போனவர்கள். ஆனால் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மெஷின் திரும்பத் திரும்ப நின்றால், முதலில் பழைய லாக் புத்தகத்தைப் புரட்டுவோம். இதற்கு முன் எப்போது நின்றது, யார் பார்த்தார், என்ன செய்தார் என்று பார்ப்போம். அதே மாதிரி பினாங்கிலும் அக்கம் பக்கத்திலும் நம் ஜனங்கள் இளைஞர்களை வைத்து முன்பு என்னென்ன செய்தார்கள் என்று புரட்டிப் பார்த்தோம். கிடைத்ததைச் சொல்கிறோம்.

கோவிலும் இளைஞரும் என்றால் இந்தத் தீவில் கதை பழையது. குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலுக்கு 1801-லேயே நிலம் கிடைத்துவிட்டது. கோவிலாக எழும்பியது 1833. தைப்பூசத்துக்கு நாம் பார்க்கும் செட்டியார் வெள்ளி ரதம் 1894-ல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அந்த ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் ஒவ்வொரு வருடமும் வழி நெடுக இளைஞர் கை வேலை செய்திருக்கிறது. தேங்காய் உடைத்த ரோட்டைக் கூட்டியது யார், தண்ணீர் ஊற்றியது யார்? பையன்கள்தான். ஆனால் அது “வா, செய், போ” என்ற வேலை. நாங்கள் தேடியது அதை அல்ல. இளைஞர்களுக்கென்று தனியாகத் திட்டம் போட்டு, மாதம் முழுக்க நடத்தியது எது என்று பார்த்தோம். எங்கள் கண்ணில் பட்ட முதல் பெரிய முயற்சி கோவிலில் நடந்தது அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் நடந்தது.

1942-ல் இந்திய சுதந்திரச் சங்கம் பினாங்கில் இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. பெயர் இந்திய சுவராஜ் பயிற்சி நிலையம். பொறுப்பில் இருந்தவர் என். ராகவன், பினாங்கில் வக்கீலாக இருந்தவர். மலையாவில் வேலைக்கு வந்த இளைஞர்களைச் சேர்த்து, இந்தியாவுக்குள் ரகசியமாகப் போய் வேலை செய்யத் தயார் செய்தார்கள். அதில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். திருவிதாங்கூர் பக்கத்து வக்கம் ஊர், 1917-ல் பிறந்தவர். 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கியில் ஒரு குழு புறப்பட்டது. காதர் இருந்த குழு மலபார் கரையில் தானூர் பக்கம் இறங்கியது. இறங்கியதுமே பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி மதராஸ் சிறையில் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். காதருக்கு அப்போது வயது 26. நம் இளைஞர் பகுதிச் செயலாளருக்கு இப்போது என்ன வயதோ அதே வயது.

தியாகத்தைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அந்த நால்வரையும் நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அதே கதையில் நமக்கு உறைக்க வேண்டிய இன்னொரு பகுதி இருக்கிறது. பயிற்சியில் இருந்த பிள்ளைகளில் சிலரை, நிலையத்துக்குப் பொறுப்பான ராகவனுக்கே தெரியாமல் ஜப்பானிய அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ராகவன் எதிர்த்தார். “என்னிடம் ஒப்படைத்த பிள்ளைகளை என்னைக் கேட்காமல் எப்படி எடுத்துப் போகலாம்?” என்பதுதான் அவருடைய எதிர்ப்பின் சாரம். நிலையத்தை மூடிவிட்டார். ஜப்பான்காரன் ஆட்சியில் அப்படிச் செய்வது லேசான காரியம் இல்லை. அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். பிற்பாடு சுதந்திர இந்தியாவின் தூதராகச் சீனாவில் இருந்தவர் இவர்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்று ஒருவர் பெயரைப் போட்டுவிட்டு, முடிவை வேறு எவரோ எடுத்தால் அந்த அமைப்பு அன்றைக்கே முடிந்தது. நம் ஆலயத்திலும் இது நடக்கிறது. இளைஞர் பகுதித் தலைவர் என்று ஒரு பையன் பெயர் நோட்டீஸில் இருக்கும். அரசியல் பிரமுகர் வருகிறார், மாலை போட இருபது பேர் வேண்டும் என்றால் அவனைக் கேட்காமலேயே இருபது பேரை அனுப்பி வைப்போம். நாங்களும் அனுப்பியிருக்கிறோம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறோம்.

அடுத்தது கடல் தாண்டி, கெடாவில். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போனால் சுங்கைப் பட்டாணிக்கு அடுத்து பீடோங். அந்தப் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் போர் முடிந்த கையோடு, 1946 வாக்கில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவானது. இந்தப் பெயர் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் சொந்தத்தில் ஒரு தாத்தா, “நான் தொண்டர் படையில இருந்தவன்டா” என்று சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வார். சின்ன வயதில் எங்களுக்கு அது வெறும் பழங்கதை. அவரைச் சரியாகக் கேட்காமல் விட்டதற்கு இப்போது வருந்துகிறோம்.

தொண்டர் படை என்ன செய்தது? முதல் வேலை கள்ளுக்கடையை எதிர்த்தது. இன்றைய பிள்ளைகளுக்குக் கள்ளுக்கடை என்றால் என்ன என்றே விளக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் சம்பள நாளில் வாங்கும் காசு, லயத்துக்குப் போகுமுன் கடையில் இறங்கிவிடும். கள் விற்பனையை அரசாங்கமே உரிமம் கொடுத்து நடத்த விட்டது. கூலிக்காரனுக்குக் கள் கிடைத்தால் அவன் ஊருக்கு ஓடமாட்டான், கேள்வி கேட்கமாட்டான் என்று துரைமார்கள் கணக்குப் போட்டார்கள். இதைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் தொண்டர் படையில் சேர்ந்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். அணிவகுப்புப் பயிற்சி, கட்டுப்பாடு, குடித்துவிட்டு வீட்டில் அடிப்பவனைக் கண்டிப்பது, தோட்டத்து ஆட்களை ஒன்று சேர்ப்பது என்று வேலை விரிந்தது. யாரும் பட்டியல் அச்சடித்துக் கொடுக்கவில்லை. தங்கள் லயத்தில் எது எரிகிறதோ அதை அணைக்கப் போனார்கள்.

1947 பிப்ரவரி 28-ஆம் தேதி பீடோங் கள்ளுக்கடைக்கு எதிராகக் கூட்டம் கிளம்பியது. போலீசோடு மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிர் போனது. சில நாட்களில் பக்கத்துப் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் பெரிய கைது வேட்டை நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துச் சென்றார்கள். அந்த வருடம் கெடா தோட்டங்கள் முழுக்கக் கொந்தளிப்பு. 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்ததும், தோட்டத்து இளைஞர் எவர் கூடினாலும் சந்தேகம் என்ற நிலை. தொண்டர் படை அதோடு மறைந்தது.

இதைப் படித்த பிறகு எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். “அவங்க கலவரத்துக்குப் போனாங்க, அதப் போய் கோவில் பிள்ளைங்களுக்குச் சொல்லணுமா?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கள்ளுக்கடை இன்று பெயர் மாறி நம் அடுக்குமாடிகளுக்குக் கீழேயே நிற்கிறது. மலிவுச் சாராயம், கெத்தும் தண்ணீர், அதைவிட மோசமான மாத்திரைகள். நாம் நம் பிள்ளைகளுக்குத் திட்டம் போடும்போது இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதினோமா? நாற்காலி போடுவதை எழுதினோம்.

அடுத்த கட்டம் வேறு மாதிரி. அதில் தடியும் இல்லை, அணிவகுப்பும் இல்லை. பேனாதான். சிங்கப்பூரில் தமிழ் முரசு நடத்திய கோ. சாரங்கபாணி 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலை ஒட்டி, சாதி சமயம் பாராமல் தமிழர் எல்லாரும் கூடும் நாளாக அது மலாயா முழுக்கப் பரவியது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பாட்டு, விளையாட்டு. இன்றைக்கு நாம் நடத்தும் பொங்கல் விழா நிரல் கிட்டத்தட்ட அன்று போட்டதுதான். எழுபது வருடத்துக்கு மேலாக அதையே திருப்பித் திருப்பி நடத்துகிறோம்! உறி அடித்தல் மட்டும் கூடுதல்.

அதே காலத்தில் தமிழ் முரசு மாணவர்களுக்கென்று மாணவர் மணிமன்றம் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதி அனுப்பினால் பத்திரிகையில் பெயரோடு வரும். அவ்வளவுதான் அதன் இயந்திரம். ஆனால் ஏதோ ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை, தன் பெயரை அச்சில் பார்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்த வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். இந்த நாட்டின் தமிழ் எழுத்தாளர் பலர் அந்தப் பக்கத்தில் எழுதிப் பழகியவர்கள்தான். அதில் எழுதிய பிள்ளைகள் வளர்ந்து, மாணவர் பருவம் தாண்டியபோது, ஊர் ஊராகத் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலும் அந்தக் காலத்தில் திராவிட இயக்கத்துப் பையன்கள் தெருவுக்குத் தெரு மன்றமும் படிப்பகமும் வைத்தார்கள். அந்தக் காற்று இங்கேயும் அடித்தது.

மணிமன்றத்தார் சிலருக்குக் கோவில் காரியத்தில் நம்பிக்கை கம்மி. கோவில்காரர்களுக்கு அவர்கள் மேல் கோபம். எங்கள் அப்பா காலத்தில் ஒரே வீட்டில் அண்ணன் காவடி எடுப்பார், தம்பி மணிமன்ற மேடையில் மூடநம்பிக்கை பற்றிப் பேசுவார், இரண்டு பேருக்கும் அம்மா ஒரே சட்டியில் சோறு போடுவார். நாங்கள் கோவில் பக்கம்தான். இருந்தாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். மேடையில் நடுங்காமல் பேச, கூட்டக் குறிப்பு எழுத, வரவு செலவு காட்ட எங்கள் தலைமுறையில் பலருக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மன்றங்கள்தான். நம் ஆலயக் கணக்கை இன்று சுத்தமாக எழுதும் பெரியவரும் மணிமன்றத்தில் பொருளாளராக இருந்தவர். அவரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்.

பிறகு ஏன் தேய்ந்தது? பினாங்கில் எங்களுக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறோம். அறுபதுகளின் கடைசியில் இந்தத் தீவு கஷ்டப்பட்டது. வரியில்லாத் துறைமுகம் என்ற உரிமை 1969-ல் போனது. துறைமுகத்தை நம்பிய நம் ஆட்களுக்கு வேலை குறைந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் பிரச்சினை; பல குடும்பங்கள் கப்பல் ஏறி ஊருக்கே போய்விட்டன. மன்றத்துக்கு வந்த பையன்களில் பாதிப் பேர் அப்பா அம்மாவோடு போனால் மன்றம் எப்படி நடக்கும்? பிறகு 1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ் என்று கம்பெனிகள் வந்தன. அது நமக்குச் சோறு போட்டது. மறுக்கவே முடியாது, எங்களுக்கே போட்டது. நம் பெண் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வந்து சொந்தச் சம்பளம் வாங்கியதும் அதனால்தான். ஆனால் ஷிப்ட் என்று ஒன்று வந்ததே, அதுதான் சாயங்காலத்தை எடுத்துக்கொண்டது.

மணிமன்றக் கூட்டம் என்றால் சாயங்காலம் ஏழு மணி. அந்த ஏழு மணிக்கு ஒரு கூட்டம் பஸ்ஸில் வேலைக்குப் போகிறது, இன்னொரு கூட்டம் தூங்கப் போகிறது. இப்போது பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். எங்கள் லைனில் நாற்பது பேர் என்றால் ஒரே நாளில் எல்லாருக்கும் லீவு வருவது தீபாவளிக்கு மட்டும்தான். இது தெரிந்த நாங்களே, இளைஞர் பகுதிக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டு “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அக்கறை இல்ல” என்று குறை சொல்லியிருக்கிறோம். வராத முப்பத்து மூன்று பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். பதினான்கு பேர் அன்று வேலையில் இருந்தார்கள். ஆறு பேர் கிராப் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். நாம் இன்னும் அவர்களைக் குழுவில் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, வயது. நம் நாட்டு இளைஞர் சங்கச் சட்டம் 2007-ல் வந்தபோது 15 முதல் 40 வரை இளைஞர். 2019-ல் திருத்தம் செய்து மேல் எல்லையை 30 ஆக்கினார்கள். நம் இளைஞர் பகுதிப் பொறுப்பாளர்களின் வயதைப் பாருங்கள்: 37, 41, 39. ஒருவருடைய மகன் போன வருடம் படிவம் மூன்று முடித்தான். நல்ல மனிதர்கள், உழைப்பாளிகள், குறை சொல்லவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அவர் இளைஞர் இல்லை, அங்கிள். நாங்கள் தாத்தா.

ஆக, லாக் புத்தகத்தில் நாங்கள் பார்த்தது இது. ஒன்று, வெளியிலிருந்து ஒருவர் முடிவு எடுத்து உடைந்தது. ஒன்று, தெருவில் எரிந்ததை எடுத்துக்கொண்டு வேகமாக வளர்ந்து, அடக்கப்பட்டது. ஒன்று, பிள்ளையின் பெயரை அச்சில் போட்டு நீண்ட நாள் ஓடி, ஊரின் வேலை மாறியதும் தேய்ந்தது. இதில் எங்கேயும் “பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாததால் நின்றது” என்று எழுதியிருப்பதை நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டாவது கூட்டம் போன ஞாயிறு நடந்தது. நேரத்தைப் பிள்ளைகளே வைத்தார்கள்: காலை ஒன்பதரை, இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் குளித்துவிட்டு நேராக வரும் மாதிரி. வந்தவர்கள் பத்தொன்பது பேர். நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம், பின் வரிசையில் உட்கார்ந்தோம். பட்டியல் எதையும் கொண்டுபோகவில்லை. முதல் இருபது நிமிடம் யாரும் வாயே திறக்கவில்லை. எங்களில் ஒருவருக்குக் கை துறுதுறுத்தது, எழுந்து பேச. காலை மிதித்து உட்கார வைத்தோம்.

பிறகு பேச ஆரம்பித்தார்கள். எஸ்பிஎம் கணக்குக்கு மாலை வகுப்பு வேண்டும், அக்காமார்களே சொல்லிக்கொடுப்பார்கள் என்றார்கள். வாரம் ஒரு நாள் ஃபுட்சால், அதில் கோவிலுக்கு வராத பையன்களையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். எங்களில் ஒருவருக்கு முகம் சுருங்கியது, பரவாயில்லை. வீட்டில் குடிப்பவர் இருந்தால் பிள்ளைகள் ரகசியமாக வந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்று அந்தத் தாதிமை மாணவி சொன்னபோது மண்டபம் அமைதியானது. தேவாரம் படிப்பதை மட்டும் விடக் கூடாது, ஆனால் பொருள் சொல்லிக் கொடுங்கள், சும்மா மனப்பாடம் வேண்டாம் என்றான் ஒரு பையன். தண்ணீர்ப் பந்தல் தொடரும். ஆனால் பாட்டுச் சத்தம் எவ்வளவு, போலிஸ்டரீன் கப் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். பணம் எவ்வளவு என்று கேட்டார்கள். நிர்வாகம் இதுவரை இளைஞர் பகுதிக்கென்று தனித் தொகை ஒதுக்கியதே இல்லை. இதை நிர்வாகக் கூட்டத்தில் நாங்கள் எழுப்புகிறோம். சண்டை வரும், தெரியும். பதிவை முன்கூட்டியே போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொழிற்சாலையிலிருந்து நாங்கள் கொடுத்தது ஒன்றே ஒன்று. தடித்த அட்டை போட்ட ஒரு ஹேண்ட்ஓவர் புத்தகம். ஷிப்ட் மாறும்போது எழுதி வைப்போமே, அதே மாதிரி. எது செய்தோம், எவ்வளவு செலவு, எது சரியாக வரவில்லை, சாவி யாரிடம் என்று எழுத வேண்டும். பொறுப்பில் இருக்கும் பிள்ளை யூனிவர்சிட்டிக்கோ சிங்கப்பூருக்கோ போனால் புத்தகம் இங்கேயே இருக்கும்.

லாக்கப்பிலிருந்து வந்த அந்தப் பையன் அன்றைக்கு வந்திருந்தான். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், எதுவும் பேசவில்லை. ஃபுட்சாலுக்கு யார் கோர்ட் புக் பண்ணுவது என்று கேட்டபோது, “நான் பண்றேன்” என்றான். புத்தகத்தின் முதல் பக்கத்தில், சாவி யாரிடம் என்ற வரியில், இப்போது அவன் பெயர் இருக்கிறது.

அடுத்த கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிறு, காலை ஒன்பதரை, மண்டபத்தில். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தயவுசெய்து இட்லி மட்டும் அனுப்பி வையுங்கள்.